வேலி வேண்டும்... வாசலும் வேண்டும்!



சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவிக்குப் போகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் மலையில் மழை வலுத்து, பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீசார் எல்லோரையும் வெளியேற்றி விடுவார்கள். 'குளிக்கத் தடை!' அந்த நேரம் நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனதை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே வேலியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

அருவியில் சோப்பு, ஷாம்பு போடக் கூடாது என்றும் தடை இருக்கிறது. எந்தக் கம்பெனி சோப்பு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லாச் சோப்புக்கும் ஒரே தடைதான். அதேபோல் தண்ணீர் இறங்கிவிட்டால் எல்லோரும் குளிக்கலாம். 'இன்ன கடையில் துண்டு வாங்கியவர்கள் மட்டும் குளிக்கலாம்' என்று ஒரு போர்டு வைத்தால் எப்படி இருக்கும்? சிரிப்பீர்கள். ஆனால் நம் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் அப்படி ஒரு போர்டு இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சீசனில் குற்றாலத்தில் பழக்கடையில் நிற்பார். சீசன் முடிந்தால் தென்காசி மார்க்கெட்டில் லோடு இறக்குவார். அம்மா மடியில் பீடித்தட்டை வைத்தால் இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டாள். இப்படிப்பட்ட வீட்டில் புது லேப்டாப் வாங்குவது நடக்கிற காரியமா?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் எங்கள் தெரு அக்கா ஒருத்தி பிளஸ் டூ படித்தபோது ஒரு லேப்டாப் வாங்கியிருந்தாள். கல்யாணமாகிப் போகும்போது, "தம்பி, நீதான் கம்ப்யூட்டருக்குப் படிக்கியே... நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனாள். 4 ஜிபி மெமரி. விண்டோஸ் திறப்பதற்குள் அம்மா ஒரு கட்டு பீடி சுற்றி முடித்துவிடுவாள். பிறகு ஒரு சீனியர் அண்ணன் பென்டிரைவில் டெபியன் லினக்ஸ் கொண்டுவந்து போட்டுக்கொடுத்தார். அதே பழைய மெஷின் இரண்டு நிமிடத்துக்குள் திறந்தது! செத்த மாடு எழுந்து நடந்த மாதிரி இருந்தது எனக்கு.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எந்தக் கம்ப்யூட்டரையும் இயக்குவதற்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற அடிப்படை மென்பொருள் வேண்டும். விண்டோஸ் ஒரு கம்பெனியின் சொத்து. அதன் உள்ளே எழுதியிருப்பதை நாம் பார்க்க முடியாது. லினக்ஸ் அப்படி அல்ல. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991 ஆகஸ்ட் 25-ல் இதைப் பற்றி முதன்முதலில் அறிவித்தார். அதற்கும் முன்பே, 1983-ல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 'குனு' என்ற பெயரில் இப்படி ஒரு சுதந்திரமான அமைப்பை உருவாக்கும் வேலையை ஆரம்பித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று அழைப்பது. இதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறோம்.

இது ஏதோ ஏழைப் பையன்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

இனி நம் வேலிக்கு வருவோம். நெட்வொர்க்கின் வாசலில் ஃபயர்வால் என்ற காவல்காரர் நிற்கிறார். லேப்பில் உள்ள மெஷின்களை அவர் 'மேக் அட்ரஸ்' என்ற எண்ணை வைத்து அடையாளம் காண்கிறார். அது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. மாணவர்கள் சொந்தமாகக் கொண்டுவரும் லேப்டாப்பில் ஒரு லாகின் புரோகிராமைப் போட வேண்டும். அதில் ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் நெட் திறக்கும். அந்தப் புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என் லேப்டாப்பில் ஓடாது. எனக்கு ரோல் நம்பர் இருக்கிறது, பாஸ்வேர்டு இருக்கிறது, கட்டிய ஃபீஸுக்கு ரசீதும் இருக்கிறது. இருந்தும் நான் வெளியேதான்!

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நம்மில் பலர் லேப்டாப்பில் வைத்திருப்பது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். யாரோ பென்டிரைவில் கொடுத்த 'கிராக்' காப்பி. அந்த கிராக்கோடு சேர்ந்து என்னென்ன வைரஸ் வருகிறதோ, யாருக்கும் தெரியாது. அந்தத் திருட்டு விண்டோஸுக்குக் கதவு திறக்கிறது. நேர்மையான வழியில் இலவசமாகக் கிடைத்த என் லினக்ஸுக்கு அதே கதவு மூடிக்கொள்கிறது. இது நியாயமா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த தப்பையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு மரியாதை இல்லை.

போன வருடம் ஒரு நாள், ரெக்கார்டு நோட்டுக்கு வேண்டிய ஒரு பைலை இறக்க வேண்டியிருந்தது. அப்பா போனில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. லேப்பில் 14-ஆம் நம்பர் மெஷின் ஆஃப் ஆகிக் கிடந்தது. லினக்ஸில் மேக் அட்ரஸை மாற்றுவது ஒரே ஒரு வரி வேலை. 14-ஆம் மெஷினின் எண்ணை என் லேப்டாப்புக்குக் கொடுத்து, லேப் கேபிளைச் சொருகினேன். நெட் வந்தது! ஏதோ பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மதியம் என் வகுப்பு நண்பன் வந்து அதே 14-ஆம் மெஷினை ஆன் செய்திருக்கிறான். அவன் அம்மாவும் பீடி சுற்றுகிறவர்தான். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறை கொடுக்கும் உதவித்தொகைக்கு நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள். ஒரே நம்பர் பிளேட்டோடு இரண்டு வண்டி ரோட்டில் ஓடினால் என்ன ஆகும்? அவனுக்கு நெட் வருவதும் போவதுமாக இருந்தது. சர்டிபிகேட்டை ஏற்றும்போதெல்லாம் பாதியில் அறுந்தது. 'சர்வர் பிஸி போல' என்று அவன் புலம்பிக்கொண்டிருந்தான். நான் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து பைலை இறக்கிக்கொண்டிருந்தேன். காரணம் நான்தான் என்று எனக்குப் புரிந்தபோது லேப் மூடும் நேரம் ஆகிவிட்டது.

இரண்டு பேரும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். எங்களைப் பார்த்து மறுபடி மேலே ஏற்றினார். இரவு ஒன்பதே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. போகாமல் இருந்திருந்தால்? அந்த வருடம் அவன் படிப்புக்கு யார் பதில் சொல்வது? திரும்பி நடக்கும்போது உண்மையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "ஏம்ல, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் லேப் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சார் கோபப்பட்டார். கோபப்பட வேண்டியதுதான்.

"தம்பி, நாளைக்கு யாராவது ஒருத்தன் நெட்ல வம்பு பண்ணுதான்னு வச்சுக்கோ. போலீஸ் வந்து யாருன்னு கேட்டா, 14-ஆம் நம்பர் மெஷின்னுதான் என் கம்ப்யூட்டர் காட்டும். அப்ப மாட்டுறது நீயா? அந்த மெஷின்ல உக்காந்த பையன்தானே? கேட்டிருந்தா நான் ஏதாவது வழி பண்ணிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டேன் சார். லினக்ஸ்னா முடியாதுன்னீங்க..."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த புரோகிராம் விண்டோஸ்லதானப்பா ஓடும். நான் என்ன செய்யட்டும்? எனக்குக் குடுத்தது அதுதான்" என்றார்.

நண்பர்களே, இந்த இரண்டு பேச்சையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வேலி போட்டவர் கெட்டவர் அல்ல. அதைத் தாண்டிய நானும் திருடன் அல்ல. ஆனால் வாசல் இல்லாத வேலியை எவனாவது ஒருவன் தாண்டத்தான் பார்ப்பான். அப்படித் தாண்டுகிறவனின் கால் பக்கத்தில் நிற்கும் அப்பாவியின் மேல்தான் படும். இதுவே நான் கற்ற பாடம்.

சரி, லினக்ஸை உள்ளே விட்டால் ஆபத்து வரும் என்பவர்களுக்கு என் பதில் இது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்தது விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போடாத மெஷின்கள்தான் மாட்டின. ஆக, ஆபத்து இருப்பது கம்பெனியின் பெயரில் அல்ல. திருத்தம் போடாமல் விடுவதில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய மெஷின்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றை என்ன செய்வது? காயலான் கடைக்குப் போடுவதா? அதே மெஷினில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் திருத்தங்களோடு ஓடும்.

லினக்ஸில் ஆபத்தே இல்லை என்றும் நான் பொய் சொல்ல மாட்டேன். 2024 மார்ச் மாதம் 'எக்ஸ்-இசட்' என்ற சிறிய மென்பொருளுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற இன்ஜினியர். லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி இருந்ததால் பார்க்க முடிந்தது. அவர் வேலை பார்ப்பது எங்கே தெரியுமா? மைக்ரோசாஃப்டில்! அவர்களே லினக்ஸைக் காப்பாற்றுகிறார்கள். நாம் ஏன் அதை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டும்?

'வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே கேட்பார்கள்' என்று சிலர் கேட்கலாம். ஆட்டோகேட் போடும் சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு விண்டோஸ் கட்டாயம் வேண்டும். அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கும் எங்களுக்கு சர்வர் என்றால் பெரும்பாலும் லினக்ஸ்தான். மென்பொருள் வேலை என்பது சென்னை, பெங்களூரின் தனிச்சொத்தும் அல்ல. நம் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் வயல்களுக்கு நடுவே ஸோஹோ நிறுவனம் நடப்பது நாம் எல்லோரும் பார்த்ததுதானே! பாடத்தில் லினக்ஸ் கமாண்டுகளை எழுதி மார்க் வாங்கலாம், ஆனால் அதே லினக்ஸோடு நெட்வொர்க்கில் நுழையக் கூடாது என்றால், நீச்சலைப் புத்தகத்தில் மட்டும் படி என்று சொல்வது போல அல்லவா?

அரசாங்கமும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்', சுருக்கமாக 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்பட இந்திய மொழிகளில் வேலை செய்யலாம். நம் அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். 2015-ல் மத்திய அரசு, தன் அலுவலகங்கள் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கொள்கையே வகுத்தது. அரசு கையில் கொடுத்த லினக்ஸைக் கல்லூரி வாசலில் தடுப்பது எந்த ஊர் நியாயம்?

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் கேரளா. அங்கே 2001-ல் ஆரம்பித்த 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2017-ல் அது 'கைட்' என்ற நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கென்றே அவர்கள் ஒரு லினக்ஸைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளை தொடுகிற ஒன்றை, இந்தப் பக்கம் டிப்ளமோ மாணவன் தொட்டால் 'ஹேக்கர்' என்று கேலி செய்கிறார்கள். தமிழில் புத்தகம் இல்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. 2012-ல் ஆரம்பித்த 'கணியம்' மின்னிதழ் இதையெல்லாம் எளிய தமிழில் எழுதி இலவசமாகக் கொடுக்கிறது. எங்களைப் போல இங்கிலீஷ் தடுமாறும் பிள்ளைகளுக்கு அது ஒரு வரப்பிரசாதம்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே என் யோசனைகளையும் பணிவோடு முன்வைக்கிறேன்.

ஒன்று: லாகின் செய்வதற்குத் தனிப் புரோகிராம் வேண்டாம். பிரவுசரிலேயே ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் கேட்கும் பக்கம் போதும். இன்னும் பலமாக வேண்டுமானால் '802.1எக்ஸ்' என்ற பொதுத் தரம் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அது ஓடும். உலகெங்கும் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'எடுரோம்' என்ற வைஃபை ஏற்பாடு இதன் மேல்தான் நடக்கிறது. யார் உள்ளே வந்தார் என்ற கணக்கு இதில் ஆளின் பெயரிலேயே இருக்கும். போலீஸ் கேட்டாலும் பதில் உண்டு.

இரண்டு: மாணவர் லேப்டாப்புக்கு ஒரு பாதை, லேப் மெஷினுக்கு வேறு பாதை என்று பிரித்துவிட வேண்டும். என்னைப் போல ஒருவன் தவறு செய்தாலும் இன்னொருவனின் உதவித்தொகை அறுந்து போகாது.

மூன்று: விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்களில் ஒரே ஒரு வரிசைக்கு லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மெஷினும் அதே பைலைத் தனித்தனியாக இறக்காமல், ஒன்று இறக்கி மற்றவைக்குக் கொடுக்கும் வசதி லினக்ஸில் இருக்கிறது. நெட்டும் மிச்சம்.

நான்கு: இது நாம் கொடுக்க வேண்டிய வாக்கு. நம்பர் பிளேட் மாற்ற மாட்டோம். கள்ள வழியில் தடையைத் தாண்ட மாட்டோம். படம் இறக்கி அடுத்தவன் நெட்டை உறிஞ்ச மாட்டோம். மீறினால் என் பெயரையே முதலில் நீக்கட்டும். சனிக்கிழமை மதியம் லேப் சார் அனுமதித்தால், வேண்டியவர்களுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுக்க நானும் அந்த 14-ஆம் மெஷின் நண்பனும் தயார். ஆமாம், அவனும் இப்போது லினக்ஸ்தான்!

நெட்வொர்க்கில் தீமை நுழையும் என்று பயந்து லினக்ஸையே விலக்குவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். என்ன செய்கிறான் என்று பார்த்துத் தடுங்கள். எதை வைத்துச் செய்கிறான் என்று பார்த்துத் தடுக்காதீர்கள்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது அம்மா பீடித்தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "எய்யா, இந்தப் பொட்டிய காலேஜுக்குள்ள விட்டுட்டாவளா?" என்று கேட்டாள். "இல்லம்மா, கேட்டு எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன். "கேளு, கேளு. கேட்டுட்டுப் போறதுதான் மரியாத" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

கேட்டுவிட்டேன். வேலி இருக்கட்டும். அதில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசலும் இருக்கட்டும். வாசலில் என் பெயரைக் கேளுங்கள், ரோல் நம்பரைக் கேளுங்கள், சொல்கிறேன்.



– இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் பிரிவு மாணவன்